பழனி விழுந்து காட்டினான்

அன்புள்ள சாமிநாதா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வைகாசியில் மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலைத் தூறலுக்கு முன்னால் அள்ளப் போய், படி வழுக்கி, வலது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. வற்றல் நனையவில்லை. விசாரிக்க வருகிறவர்களிடம் கமலா அதைத்தான் முதலில் சொல்கிறாள்.

மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, அதனால் வீட்டில் சண்டை குறைவு. உன் சர்க்கரை எவ்வளவு? பொய் சொல்லாமல் எழுது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு விரிந்திருப்பதைக் காட்டினார். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பான் சண்டை நடிகர் சோனி சிபா ஞாபகம்! நடராஜன் வீட்டு வீடியோ டெக்கில், கோடு கோடாக ஓடிய கேசட்டில் பார்த்தோமே, 'தி ஸ்ட்ரீட் ஃபைட்டர்', 1974இல் வந்த படம். சிபா ஒருவன் மண்டையில் குத்துவார், உடனே திரையில் எக்ஸ்ரே வந்து மண்டையோடு நொறுங்கும். நடராஜனின் பாட்டி "ஆஸ்பத்திரிப் படமா?" என்று கேட்டாளே.

அங்கேதான் பிடித்தது கிறுக்கு. பெண் ஒரு டேப்லெட் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறு வாரமும் ஜப்பான்காரர்கள் காசில்லாமல் எடுத்த சண்டைப் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துத் தள்ளினேன். நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. உனக்கு ஜப்பான் படம் என்றால் கேமரா பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அப்பாவும் மகளும் அரை மணி நேரம் டீ குடிக்க வேண்டும். ஃபிலிம் சொசைட்டியில் அதைப் போட்டு என்னைத் தூங்க வைத்துவிட்டு, நான் குறட்டை விட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவன் நீ.

இந்தக் குப்பைக்கும் ஒரு வம்சாவளி உண்டு. 1989இல் தோயெய் என்கிற ஜப்பான் சினிமா கம்பெனி 'வி சினிமா' என்று ஒன்றை ஆரம்பித்தது. தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வாடகைக் கேசட் கடைக்குப் போகிற படங்கள். முதலில் வந்த 'கிரைம் ஹன்டர்' ஒரு மணி நேரம்தான். பார்க்கிறவன் கை வேகமாக ஓட்டுகிற பொத்தானுக்குப் போகக் கூடாது என்பது கணக்கு. டெக் வாடகைக்கு எடுத்து, விடிவதற்குள் நாலு படம் முடிக்க வேண்டும் என்று பாட்டையெல்லாம் ஓட்டிய நம்மைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்களோ! டைரக்டர் தகாஷி மீகே அங்கே குப்பை கொட்டித்தான் மேலே வந்தார். அவருடைய 'டெட் ஆர் அலைவ்' (1999) முடிவைக் கேள். அதுவரை ஒழுங்கான போலீஸ் – யாகுசா (ஜப்பான் ரவுடிக் கும்பல்) படம். கடைசியில் போலீஸ்காரன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ராக்கெட் லாஞ்சரை உருவுகிறான். அதுவரை எங்கே வைத்திருந்தான் என்று கேட்காதே. எதிராளி தன் நெஞ்சிலிருந்து ஒரு ஒளி உருண்டையை எடுக்கிறான். இரண்டும் மோதி நாடே வெடிக்கிறது. படம் முடிந்தது. சிரிக்காதே, 1998இல் தோக்கியோவில் 'முத்து' பார்த்தவர்களும் நம்மைப் பற்றி இப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனாலும் டிக்கெட் வாங்கினார்கள்.

குறை சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. 'ஹை கிக் கேர்ள்' (2009) படத்தில் ரினா தகேதா என்கிற பெண் நிஜமாகவே உதைக்கிறாள், எதிரே நிற்பவனும் நிஜமாகவே வாங்குகிறான். அதை நாம் நம்ப வேண்டுமே என்று ஒவ்வொரு உதையையும் ஸ்லோ மோஷனில் திரும்பக் காட்டுகிறார்கள், கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதை மூன்று தடவை காட்டுகிற மாதிரி. 'வெர்சஸ்' (2000) என்று ஒன்று. இரண்டு மணி நேரமும் காடு, செட் செலவே கிடையாது. யாகுசா, எழுந்து வரும் பிணங்கள், சாமுராய், எல்லோரும் மரத்தைச் சுற்றி வருகிறார்கள். டூயட் ஒன்றுதான் பாக்கி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கால் உடைந்ததைக் கேள்விப்பட்டுப் பழனி வந்தான். ஆமாம், சினிமாவில் மூணே செகண்ட் தலைகாட்டிய நம் 'மூணு செகண்ட்' பழனி. கோடம்பாக்கத்தை விட்டு வந்து உறையூரில் தம்பி கடையில் உட்கார்ந்திருக்கிறான். சினிமா சண்டைக் காட்சிகளில் ஃபைட்டராக இருந்த காலத்திலேயே இரண்டு முட்டியும் போய்விட்டது, படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறான். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பான். அந்நேரம் 'கிரேசி சாமுராய் முசாஷி' ஓடிக்கொண்டிருந்தது.

2020இல் வந்த படம். எடுத்துப் பல வருடம் கிடப்பில் கிடந்து அப்புறம் வெளியானது. கியோத்தோவில் யோஷியோகா என்கிற வாள்பள்ளிக் கூட்டத்தோடு, அந்தக் காலத்து வாள்வீரன் முசாஷி போட்ட சண்டை. தாக் சகாகுச்சி என்கிற நடிகர் 77 நிமிடம் ஒரே ஷாட்டில் 588 பேரை வெட்டுகிறார். எனக்கு இருபதாவது நிமிடத்தில் சலித்துவிட்டது. தலையில் ஒரு வெட்டு, முதுகில் ஒரு வெட்டு, ஆள் கீழே. இடையிடையே ஒளித்து வைத்த தண்ணீரைக் குடிக்கிறார், மறுபடி வெட்டுகிறார். ரத்தமோ கம்ப்யூட்டர் ரத்தம். நிறுத்தப் போனேன். பழனி என் கையைப் பிடித்துவிட்டான்.

"இவன் அப்பவே செத்தான்டா" என்றான். நான் பார்த்தது வெட்டுகிறவனை. அவன் ஆரம்பத்திலிருந்து பார்த்தது விழுகிறவர்களை. "மூஞ்சியக் காட்டாம விழறான் பாரு. மூஞ்சி தெரிஞ்சா அடுத்த ரவுண்டுக்கு வர முடியாதுல்ல. கேமரா திரும்பறதுக்குள்ள உருண்டு வெளிய போயி, சுத்தி ஓடியாந்து நிக்கணும். அவனுக்கும் எழுபது நிமிஷம்தானடா." அப்புறம் சகாகுச்சியைக் காட்டினான். "தோள் எறங்கிருச்சு. இப்ப கத்தி கையால மட்டும் போகுது, உடம்பு போகல. இது நடிப்பு இல்ல."

அதற்குப் பிறகு எனக்குச் சலிக்கவில்லை. முதல் பத்து நிமிடம் பார்த்தது ஒரு நடிகரை, கடைசிப் பத்து நிமிடம் பார்த்தது களைத்துப்போன ஒரு மனுஷனை. காசு இருந்திருந்தால் நூறு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அவருக்கு ஓய்வு கொடுத்து, அந்தக் களைப்பைத் துடைத்திருப்பார்கள். படம் மட்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் தடவையும் பார்த்தோம்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்துவிடுகிறான். 'பேபி அசாசின்ஸ்' (2021) போட்டேன். பள்ளிக்கூடம் முடித்த இரண்டு பெண்கள், தொழில் கூலிக்குக் கொலை செய்வது, ஆனால் படத்தில் பாதி நேரம் சோபாவில் கிடந்து வாடகையைப் பற்றிப் புலம்புகிறார்கள். அதில் ஒருத்தி, சவோரி இசாவா, நிஜ வாழ்க்கையில் ஸ்டண்ட் கலைஞர் என்றேன். "டூப்புக்கே ஹீரோயின் வேஷமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

போன வாரம் 'எ சாமுராய் இன் டைம்'. கியோத்தோ பக்கம் நெல் விவசாயம் செய்கிற ஜுனிச்சி யசுதா 2.6 கோடி யென்னில் எடுத்தது. 2024இல் தோக்கியோவில் ஒரே ஒரு தியேட்டரில் ஆரம்பித்து நாடெங்கும் ஓடி, ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருதும் வாங்கியது. அந்தக் காலத்துச் சாமுராய் ஒருவன் இன்றைய சினிமா ஸ்டுடியோவில் வந்து விழுந்து, தினக்கூலிக்கு வெட்டுப்பட்டுச் சாகிற வேலைக்குச் சேர்கிறான். அந்த வேலைக்கு அங்கே 'கிராரேயாகு' என்று பேரே இருக்கிறது, வெட்டுப்படுகிற வேஷம். அதில் பெரிய கை செய்சோ ஃபுகுமொத்தோ. திரையில் 50,000 தடவை செத்தவர் என்பார்கள். எழுபது வயது வாக்கில்தான் ஒரு படத்தில் கதாநாயகன் ஆனார். 2021 ஜனவரி 1 அன்று நிஜமாகவே போய்விட்டார். இந்தப் படத்தில் வருகிற கத்திச்சண்டை வாத்தியார் வேஷம் அவருக்காக நினைத்து வைத்ததாம்.

இதையெல்லாம் சொன்னேன். பழனி ஒன்றே ஒன்று கேட்டான். "படத்துல பேர் போடுவாங்களா?"

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, சாமிநாதா. நாம் அந்த 'மூணு செகண்டை' வைத்து அவனை எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம்! அந்த மூன்று செகண்டுக்கு அவன் எத்தனை தடவை விழுந்தான் என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்டேன். பதினோரு தடவையாம். அட்டைப் பெட்டி அடுக்கி, மேலே மெத்தை போட்டு, மாடியிலிருந்து.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தானா? "இப்பவும் விழுவேன்டா" என்று எழுந்து, வெட்டுப்பட்ட மாதிரி முதுகை வளைத்து ஒரு சுற்றுச் சுற்றி, என் கட்டிலில் விழுந்தான். சத்தமே வரவில்லை. உடைந்த காலுக்கு ஒரு சாண் தள்ளி. கமலா கரண்டியோடு ஓடி வந்து அலறினாள். மூச்சு திரும்பியதும் அவள் கேட்டது: "ஏண்ணே, இதை வைகாசிக்கு முன்னாடியே வந்து இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா?"

ஆவணி முதல் ஞாயிறு கிளம்பி வா. காலைப் பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பழனி உன்னை விசாரித்தான். உன் சைக்கிளையும் விசாரித்தான்.

உன்,
கோபாலன்