ஹோப்பிகள் கேமராவைக் கண்டு பயப்படவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பழைய புகைப்படக் கட்டுரை நன்றாகவே இருந்தது, அச்சும் பிரமாதம். ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்களின் பாம்பு நடனப் படத்துக்குக் கீழே, கேமரா உயிரைப் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சி அவர்கள் படமெடுக்கத் தடை போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. எந்தப் பழங்குடியைப் பற்றி எழுதினாலும் இந்த வரி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது.

அவர்களுடைய மேட்டு ஊர்களில் 1870களிலேயே ஹில்லர்ஸ் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். அடுத்த பத்தாண்டில் விட்டிக் வந்தார், 1895இல் பாசடேனாவில் புத்தகக் கடை வைத்திருந்த வ்ரோமன், 1900இல் கர்ட்டிஸ். பயந்தவர்கள் இத்தனை பேரை ஊருக்குள் விட்டிருப்பார்களா?

நடந்தது வேறு. பாம்பு நடனம் மழை வேண்டிச் செய்யும் சடங்கு. கிவா என்னும் நிலவறைகளில் பல நாள் ரகசியமாக நடந்து, ஆகஸ்ட் மாதத்து மாலையொன்றில் ஊர்ப் பொதுவெளிக்கு வரும். ஆடுபவர்கள் உயிருள்ள பாம்புகளை, அதிலும் விஷமுள்ள சலங்கைப் பாம்புகளை, வாயில் கவ்விக்கொண்டு ஆடிவிட்டு, வேண்டுதலைக் கொண்டுபோகட்டும் என்று நாலு திசையிலும் விட்டுவிடுவார்கள். ரயில் வசதி வந்து, விளம்பரமும் சேர்ந்துகொள்ள, இதைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. கூரையெல்லாம் வேடிக்கை பார்ப்பவர்கள், கீழே முக்காலிகளோடு முன்னிடத்துக்கு முண்டியடிக்கும் படக்காரர்கள், கடைசியில் அவர்களை ஒரு கோட்டுக்குப் பின்னால் நிறுத்தவேண்டிய நிலை! (1913இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே வால்பி என்ற ஹோப்பி ஊருக்கு வந்து பார்த்தார்.)

அப்புறம் வோத். 1893இல் ஒராய்பி என்ற ஹோப்பி ஊருக்கு வந்த, மெனோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் பாதிரியார். அழையாமலே கிவாவுக்குள் நுழைந்தார், அங்கிருந்த சடங்குப் பீடங்களைப் படமெடுத்தார், அவற்றின் மாதிரிகள் சிகாகோ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. ஹோப்பிகளிலேயே உரிய தீட்சை பெறாதவர் பார்க்கக் கூடாதவை அவை. தடைக்குக் காரணம் தேடினால் இங்கே தேடுங்கள். கேமராவால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகக் கதவை அடைத்தார்கள்.

எல்லாப் படக்காரரும் வோத் மாதிரி என்று சொல்லவில்லை. கேட் கோரி 1905 முதல் ஏழு வருடம் போல அங்கேயே குடியிருந்து எடுத்த படங்களில் சோளம் அரைப்பவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. ஹோட்டவில்லா என்ற ஊரைச் சேர்ந்த ஹோப்பியான விக்டர் மசயெஸ்வா 1980களிலிருந்து படமும் திரைப்படமும் எடுத்துவருகிறார், அவரும் இல்லை. ஹோப்பிகளைப் பற்றிய கட்டுரையில் கேமரா பிடித்த ஒரு ஹோப்பிகூட இல்லையென்றால் எப்படி?

இரண்டு வேண்டுகோள். படக்குறிப்புக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். முழுப் பக்கத்துக்கு வந்திருக்கும் கிவா பீடத்தின் படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். பழைய படம், காப்புரிமை முடிந்துவிட்டது என்று பதில் சொல்வீர்கள், நான் கேட்பது காப்புரிமையைப் பற்றி அல்ல.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர்