அங்கன்வாடி வளாகத்தில் புகையும் அடிக்கட்டை: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வார்டு அங்கன்வாடியில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை ஏன் வெட்டினீர்கள், யாருக்கு ஏலம் போனது என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதைக் கிளற வரவில்லை. மிச்சம் நிற்கும் அடிக்கட்டைக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள், ஜேசிபி அனுப்பித் தோண்டி எடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

போன வாரம் உங்கள் ஆட்கள் கட்டை மேல் பழைய டயர்களைப் போட்டு, கழிவு ஆயில் ஊற்றிக் கொளுத்தினார்கள். டயர் போய்க் கம்பி மிஞ்சியது. கட்டை மேலாகக் கருகியதோடு சரி. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அது வற்றாமல் கட்டையில் தீ பிடிக்காது. ஆயில் உள்ளே இறங்காமல் மேலேயே எரிந்து தீரும். இப்படி அரைகுறையாகச் சுட்ட தூங்குமூஞ்சி அடுத்த மழைக்குப் பக்கத்தில் துளிர்க்கவும் செய்யும்.

கட்டை பிடிக்கவில்லை, வேர் பிடித்துக்கொண்டது. முன்பு கால்வாய் தோண்டியபோது அறுபட்டுப் பட்டுப்போன பக்கவேர் ஒன்று உள்ளே உலர்ந்து கிடந்தது. நெருப்பு அதன் வழியே இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மேலே சாம்பல் ஆறிப்போயிருந்தது. ஆனால் நாலடி தள்ளி, சறுக்குமரத்தின் அருகே மண் பொதபொதவென்று அமுங்கியது. கடப்பாரையால் குத்தினால் துளையிலிருந்து புகை. மேல்மண்ணை விலக்கினால் முழங்கை நீளத்துக்குச் செக்கச்செவேலென்று கங்கு. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடும் இடம் அது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிய பிறகும் மறுநாள் காலை மண் சுட்டது. அதே பக்கம் ஒன்றரை அடி ஆழத்தில் குடிநீர் பிவிசி குழாய் போகிறது என்பதை உங்கள் பொறியாளர் அறிவார்.

எரித்தே தீருவோம் என்றால் அதற்கும் முறை உண்டு. சுற்றிலும் ஒன்றரை அடி பள்ளம் எடுத்துப் பக்கவேர்களை முதலில் துண்டிக்க வேண்டும். நெருப்பு மண்ணுக்குள் ஓடாது. ஒரு அங்குல ஆகரால் (மரத்தைத் துளையிடும் கருவி) மேலிருந்து பத்து அங்குல ஆழத்துக்குத் துளைகள், அவற்றைப் போய்த் தொடும்படி பக்கவாட்டில் சாய்வுத் துளைகள். அப்போதுதான் காற்று இழுக்கும். பிறகு மழை படாமல் மூடி ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். மேலும் கீழும் வெட்டித் திறந்த இரும்பு டிரம்மைக் கட்டை மேல் நிறுத்தி உள்ளே அடுப்புக்கரி நிரப்பிக் கொளுத்தினால் சூடு கட்டையிலேயே நிற்கும். பெட்ரோலைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது; அதன் ஆவிதான் முதலில் வெடிக்கும். அணைந்த பிறகும் ஆள் காவல் வேண்டும். பிள்ளைகள் நடமாடும் வளாகத்தில் இவ்வளவும் நடக்கிற காரியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கோளாறு வெட்டும்போதே தொடங்கிவிட்டது. கட்டையை இழுத்துப் பிடுங்குவதென்றால் சங்கிலி கட்ட நாலடி உயரம் விட வேண்டும். மண் போட்டு மூடுவதென்றால் தரையோடு அறுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் விட்டுப்போனது ஒன்றரை அடி, எதற்கும் உதவாத உயரம். நேரான அடிமரத்துக்குக் காசு உண்டு, தூருக்குக் கிடையாது; அதனால் மரத்தை எடுத்துக்கொண்டு தூரைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டார். உங்கள் ஏல நிபந்தனையில் ‘வேரோடு அகற்றி, குழி மூடித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்க என்ன செலவாகும்?

திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள் என்று வருடா வருடம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் நீங்கள்தான். இந்த டயருக்கு ரசீதை யார் பெயரில் எழுதுவது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. கட்டைக்கு இனி தீ வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி விடுமுறை. பின்பக்க கேட் பத்தடி அகலம், ஜேசிபி தாராளமாக நுழையும். குடிநீர்க் குழாய் போகும் தடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வைக்கிறோம். தோண்டுவதற்கு முன் அந்தத் தெருவின் வால்வை மட்டும் மூடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வார்டு பொதுமக்கள்