டீசல் புகையின் செலவு யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் லாரி வாடகை பற்றிய கட்டுரையில், பழைய டீசல் வண்டிகளை நிறுத்தினால் பொருளாதாரத்துக்குத்தான் நஷ்டம் என்று ஒரு வரி வந்திருந்தது. இருபது வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில், பேருந்துகள் வந்து நிற்கும் சாலையில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலை, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைப்பது. துணியைப் பிழிந்தால் மை கரைத்த மாதிரி தண்ணீர் இறங்கும். வெள்ளை வேட்டியின் மடிப்போரத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டால் பாதி விலைக்குத்தான் தள்ள வேண்டும்.

வேட்டி போகட்டும். என் மனைவிக்கு ஏழு வருடமாக வீசிங். அவள் உட்காரும் கல்லாவுக்கு நேரேதான் வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். மாதாமாதம் இன்ஹேலர். பனிக்காலம் வந்தால் நெபுலைசர் வைக்க ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓட வேண்டும். மறுநாள் கடை அடைப்பு. இந்த நஷ்டமெல்லாம் எந்தப் பொருளாதாரத்தில் சேரும், ஐயா? டீசல் புகை நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலோடு நிற்காமல் இதயத்தையும் கெடுக்கின்றன. தங்களுக்குத் தெரியாததல்ல.

புதுச்சேரியில் விலை குறைவு என்று எல்லையிலிருக்கும் முள்ளோடை வரை போய் டீசல் நிரப்பி வருகிற ஊர் இது. லிட்டருக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்று சின்னப் பையனும் சொல்வான். மருந்துக்கடை ரசீதை மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் ரசாயன ஆலைகளின் வாடை தாங்கவில்லை என்று ஜனங்கள் முறையிட்டபோதும், வேலைவாய்ப்பைச் சொல்லித்தானே வாயை அடைத்தார்கள்?

2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு உட்பட்ட புது வண்டிகள்தான் விற்பனையாகின்றன, சரி. அதற்கு முந்திய வண்டிகள் இன்னும் எங்கள் சாலையில்தானே ஓடுகின்றன? வரம்பு மீறிப் புகை விட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. என் கடை வாசலில் ஒரு வண்டியையாவது நிறுத்திப் புகையைச் சோதித்து நான் பார்த்ததில்லை.

டிரைவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவர்களும் நாள் முழுக்க அதே புகையில்தான் கிடக்கிறார்கள். நிற்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லி, வண்டிகள் நிற்கும் எங்கள் சாலையில் ஒரு பலகை வைக்க வேண்டும். தங்கள் நிருபர் அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.