செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

பர்மிங்காம் ராக் இசைக்கலைஞர் உருவப்பொம்மை சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஒன்பது முறை கூடியது. பரிமாற்றச் சந்தை வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் நடந்தது. போலிகளை இனங்காணும் வகுப்பு மே மாதத்தில் நடத்தப்பட்டது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புக் குறியீடும் பொம்மையின் மீதுள்ள குறியீடும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கும் பழக்கம் இப்போது புதிய உறுப்பினர்களிடமும் காணப்படுகிறது.

இனி, பொது அலமாரி பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. மூத்த உறுப்பினர்கள் நன்கொடையாக அளித்த பொம்மைகள் பல ஆண்டுகளாக நம் வாடகைக் கூடத்தில், தெற்குச் சன்னலுக்கு நேர் எதிரே திறந்த தட்டுகளில் இருந்தன. வெம்ப்ளி 1986 நிகழ்ச்சியின் மஞ்சள் மேலங்கி அணிந்த குயின் குழுப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி பொம்மையின் ஒரு தோள் வெளிறிப்போனதையும், வெள்ளை முக ஒப்பனையுடன் மேடையேறிய கிஸ் ராக் குழுவினரின் பொம்மை முகங்கள் பழுப்பேறியதையும் கண்ட பிறகுதான் நான் இந்த வேலையில் இறங்கினேன். வினைல் என்று நாம் சொல்வது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்; அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வெப்பத்தில் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்துவருவதால்தான் பழைய பொம்மைகள் கையில் பிசுபிசுக்கின்றன; மென்மையான பி.வி.சி. பைகளில் இறுக்கிக் கட்டி வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஆகவே கதவுள்ள அலமாரி ஒன்றைச் சன்னலில்லாத சுவரோரம் நிறுத்தி, பைகளை அகற்றி, பெட்டியுள்ளவற்றுக்கெல்லாம் பெட் (PET) என்னும் தெளிவான பிளாஸ்டிக்கால் ஆன காப்புறைகள் போட்டு, ஒவ்வொன்றையும் தயாரிப்பாளர், ஆண்டு, பெட்டியின் நிலை, நன்கொடையாளர் பெயர் ஆகியவற்றுடன் பதிவேட்டில் ஏற்றினேன். இதற்குப் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. உதவிக்கு வருவதாகக் கையொப்பமிட்ட ஆறு பேரில் ஒருவர் மட்டுமே இரண்டு ஞாயிறுகள் வந்தார் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில், நம் ஊர் ராக் குழுவான பிளாக் சபாத்தின் நால்வரும் ஒரே மேடையில் நின்றதை நம்மில் பலர் நேரில் கண்டோம். பதினேழே நாளில், ஜூலை 22 அன்று, அக்குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தார். 30ஆம் தேதி பிராட் தெருவில் இறுதி ஊர்வலம் சென்றபோது நம் உறுப்பினர் சிலர் அங்குள்ள பிளாக் சபாத் பாலத்தருகே மலர் வைத்தார்கள்; அது சங்கத்துக்குப் பெருமை. ஆனால் அதே வாரத்தில், ஆண்டு முழுவதும் ஒரு கூட்டத்துக்கும் வராத சிலர் தொலைபேசியில் அழைத்து, அலமாரியிலுள்ள மெக்ஃபார்லேன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஆஸி பொம்மையை விலை ஏறியிருக்கும்போதே விற்றுவிடலாமே என்று கேட்டார்கள். அக்டோபரில் கிஸ் குழுவின் கிதார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி மறைந்தபோது, ‘ஸ்பேஸ்மேன்’ என்ற மேடை வேடத்திலுள்ள அவருடைய பொம்மைக்கும் அதே கோரிக்கை வந்தது. நால்வர் சேர்ந்து நிற்பதே கிஸ் தொகுப்புக்கு மதிப்பு; ஒருவரைப் பிரித்தெடுத்தால் மற்ற மூவரும் வெறும் உதிரிகள். நான் இருமுறையும் மறுத்தேன். செயற்குழுவைக் கேட்காமல் மறுத்துவிட்டேன் என்று சிலர் குறைபட்டுக்கொண்டதாக அறிகிறேன். நன்கொடைப் பொருளைப் பொதுக்குழுத் தீர்மானமின்றி விற்கலாகாது என்பது நம் விதி. அதைக் காப்பாற்றியதற்காக விளக்கம் கூறும் நிலை வந்ததே எனக்கு மனவேதனை அளிக்கிறது.

சந்தா நிலவரம் திருப்திகரமாக இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை; அவர்களுள் சிலருக்குச் சென்ற ஆண்டு நிலுவையும் உண்டு. சந்தையில் ஒரு சேஸ் (குறைந்த எண்ணிக்கையில் வெளிவரும் அரிய வகை) பொம்மைக்குத் தயங்காமல் பணம் எடுத்துக் கொடுப்பவர்கள், அதில் சிறு பகுதியே ஆகும் சந்தாவுக்கு மூன்று நினைவூட்டல் கடிதம் எதிர்பார்ப்பது முறையன்று. நான் நவம்பரில் எழுதிய கடிதத்துக்கு இருவரே பதிலளித்தனர்.

வரவுசெலவைப் பொறுத்தவரை, சந்தைகளின் மேசை வாடகையால் வந்த தொகை கூடத்தின் வாடகைக்குப் பெரும்பாலும் ஈடாகியது. அலமாரிக்கும் காப்புறைகளுக்கும் ஆன செலவில் ஒரு பகுதியை இப்போதைக்கு நான் ஏற்றிருக்கிறேன். முழுக் கணக்கைப் பொருளாளர் தணிக்கை முடிந்ததும் முன்வைப்பார்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கூடத்தைத் திறந்து தரும் காவலாளி, தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தினர் ஆகிய அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டின் பாதிப் பக்கங்களுக்குப் படங்கள் எடுக்க வேண்டும். அலமாரிக்கு வெப்பம் குறைந்த எல்.இ.டி. விளக்கும் வேண்டும். ஆறாண்டுகளாக இப்பொறுப்பில் இருக்கிறேன். என் உடல்நிலையும் வீட்டுச் சூழலும் முன்போல் இல்லை. மீண்டும் நிற்பதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நிலுவைச் சந்தா வந்து சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு தர இருவர் முன்வந்தால், அந்த முடிவு எனக்கு எளிதாகும். அலமாரியின் இரண்டாவது சாவி என்னிடம்தான் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள விரும்புவோர் கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்