விடையைச் சொல்லாமல் காத்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மானாமதுரைக்கு அருகிலுள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேர், ஆடி பிறந்ததிலிருந்து ஐந்து வாரங்களாக, செடி வளர என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்குத் தாங்களே விடை தேடினார்கள். தண்ணீர், காற்று, சூரிய ஒளி என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கக்கூடிய விடைதான் அது. ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது மெய்தானா என்று பார்க்கவும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை, உங்கள் துணை இல்லாமற் போயிருந்தால் முதல் வாரத்திலேயே நின்றிருக்கும்.

ஒரே அளவில், அடியில் ஒரே அகலத் துளையோடு இருபத்து நான்கு சிறு தொட்டிகளை வனைந்து தந்த மண்பாண்டக் கலைஞர் குடும்பத்தாருக்கு முதல் நன்றி. அளவு மாறக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதைப் பொறுத்துக்கொண்டீர்கள். சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவையெல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே பிள்ளைகள் கற்க வேண்டிய முதற்பாடம். தொட்டி பெரிதும் சிறிதுமாக இருந்தால், செடி வாடியது தண்ணீர் இல்லாததாலா மண் போதாததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. சென்ற ஆண்டு ஒரு கடையில் வாங்கிய பயறு பாதிக்கு மேல் முளைக்காமல் ஏமாந்ததை அறிந்து, சாம்பல் கலந்து பானையில் காத்துவைத்திருந்த தம் சொந்த விதைப்பயற்றில் ஒரு படி அளந்து கொடுத்த கீழத்தெரு அம்மாவுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்காவைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். இரண்டு இலை விட்ட பிறகு, மூன்று தொட்டிகளுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தியிருந்தோம். நான்காம் நாள் பார்த்தால், அந்த மூன்றிலும் மண் ஈரமாக இருந்தது. செடிகளும் தளதளவென்று நின்றன. பிள்ளைகள் ஊரெல்லாம் விசாரித்தபோது, "வாடிக் கெடக்குற உசுரப் பாத்துக்கிட்டு எப்படி ஆத்தா சும்மா போறது?" என்று அவரே வந்து சொன்னார். அந்தத் தொட்டிகளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது உண்மைதான். ஆனால் அன்றுமுதல், சனி ஞாயிறு விடுமுறையிலும் பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு தொட்டிக்கும் அரை டம்ளர் என்று அளந்து ஊற்றி, சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்ட மூன்றை மட்டும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவைத்தவரும் அவரே. அக்கா, அந்த இரக்கத்துக்கும் அந்தக் கண்டிப்புக்கும் சேர்த்தே எங்கள் நன்றி.

இருட்டுத் தொட்டிகளில்தான் இந்த ஐந்து வாரத்தின் உயிர் இருந்தது. அட்டைப்பெட்டியால் மூடிவைத்த பயறு முளைக்கவே முளைக்காது என்று பிள்ளைகள் எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். எட்டாம் நாள் பெட்டியைத் தூக்கினால், வெயிலில் இருந்தவற்றைவிட உயரமாக, ஒரு சாண் அளவுக்கு, வெளிறிய மஞ்சளில் நின்றன. "அப்ப வெயில் வேணாம் டீச்சர், முளைப்பாரியும் இருட்டுலதானே வளருது?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல ஆண்டுகளாக எங்கள் ஊரில் முளைப்பாரி போட்டுவரும் அப்பத்தாவிடம் அவர்களை அனுப்பினேன். அவர் நினைத்திருந்தால் ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். "நாஞ் சொன்னா அது எம் பதிலு. செடி சொல்லட்டும். இன்னும் பத்து நாளு மூடியே வையுங்க" என்று அனுப்பிவிட்டார். நாம் முளைப்பாரியைப் பத்து நாளுக்குள் கண்மாயில் கரைத்துவிடுகிறோம். அதற்குமேல் இருட்டில் விட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கண்டதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பத்தாம் நாளைக் கடந்ததும் தண்டுகள் ஒவ்வொன்றாக மடிந்து சாய்ந்தன. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சாய்ந்த செடியின் கழுத்தில் சுருங்கித் தொங்கிய இரண்டு பருப்பையும் விரலால் நசுக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர், பயறு காலி" என்றாள். வெயிலில் இருந்த செடியிலும் பருப்பு சுருங்கித்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பச்சை இலை இருந்தது. விதை கட்டிக்கொடுத்த சோறு தீரும்வரைதான் இருட்டில் ஓட முடியும், அதற்குப் பிறகு வெயிலில் இலை தானே சமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் தங்கள் பேச்சில் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். எட்டாம் நாளே பெட்டியை எடுத்துவைத்துப் பாடத்தை முடித்திருந்தால், பொய்யான ஒரு முடிவோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

எங்கள் ஊரில் தங்கிப் பயிற்சி பெற்ற வேளாண்மைக் கல்லூரி மாணவியருக்கும் நன்றி. செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்று பிள்ளைகள் விடாப்பிடியாகச் சொன்னபோது, பதினேழாம் நூற்றாண்டு அறிவியலறிஞர் வான் ஹெல்மான்ட் 200 இறாத்தல் (பவுண்டு) காய்ந்த மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றிய கதையை அவர்கள் சொன்னார்கள். மரம் 169 இறாத்தலுக்கு மேல் கனத்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு. அவர் மறைந்தபின் 1648இல் அச்சான அந்தச் சோதனையிலிருந்து, மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்றே அவர் முடிவுகட்டினார். காற்றின் பங்கு அவர் கணக்கில் வரவில்லை. அவ்வளவு பொறுமையாக நிறுத்துப் பார்த்தவரும் ஒன்றை விட்டுவிட்டார் என்று கேட்டபோது பிள்ளைகள் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்க மாட்டேன்.

வெயிலில் தப்பிய தொட்டிகள் இப்போது பூ விட்டிருக்கின்றன. காய் முற்றியதும், வாங்கிய விதைக்கடனில் இயன்றதைக் கீழத்தெரு அம்மாவிடம் பிள்ளைகளே கொண்டுவந்து அளப்பார்கள். அடுத்த முளைப்பாரியின்போது, சாமிக்கு வைப்பவற்றில் கை வைக்காமல், தனியாக ஒரு சட்டியைச் சன்னலோரம் வைத்துப் பார்க்க அப்பத்தா இசைவு தந்திருக்கிறார். அது எந்தப் பக்கம் சாயும் என்று பிள்ளைகள் இப்போதே எழுதிவைத்துவிட்டார்கள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை