தோலைப் பார்த்துத்தான் வேண்டாம் என்றேன்

பேரணாம்பட்டு

அன்பு மகளுக்கு,

ஊர் வந்து பத்து நாள் ஆகிறது. வாங்கி வந்த கோடாலித் தைலம் பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டது. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து வந்த சேதி தெரிந்ததும் தெருவில் எல்லோருக்கும் ஒரே நாளில் தலைவலி. மீதி மூன்றை உங்கம்மா அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள்.

போனில் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவள்தான் சொன்னாள். அந்த ஷூ விஷயம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே "சரி நைனா, விடுங்க" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடமே இல்லை. காலியாக ஒரு மேஜை, அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று உங்கம்மா அதைப் பிரித்து முகம் துடைத்தாள். மாப்பிள்ளை பதறிப்போய், "அத்தை, அது இடம் பிடிச்சு வெச்சது" என்றார். நம் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி! சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறோம். பிரியாணிதான் எனக்கு ஒட்டவில்லை. பாசுமதி நீளநீளமாகக் கிடந்தது. சீரகச் சம்பாவும் கத்திரிக்காயும் இல்லாமல் ஆம்பூர்க்காரனுக்குப் பக்கத்து ஊர்க்காரன் எப்படிச் சாப்பிடுவான்? இருந்தாலும் மிச்சம் வைக்கவில்லை. தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று பேரன் என்னை அதட்டிக் கூட்டிக்கொண்டு போனான்.

முஸ்தபா கடையில் மூன்று மணி நேரம். அதை உங்கம்மா தனியாக எழுதட்டும், எனக்குக் கால் வலித்ததுதான் ஞாபகம்.

சாயங்காலம் ஆர்ச்சர்ட் ரோட்டில் அந்தக் கடை. "ரப்பர் செருப்போட எவ்ளோ நாள் நைனா" என்று நீ அந்தக் கறுப்பு ஷூவை என் மடியில் வைத்தாய். உள்ளே பார்த்தேன், மேட் இன் இந்தியா. நம் பக்கத்து வேலையாகவும் இருக்கலாம், கான்பூராகவும் இருக்கலாம். விலை 189 டாலர். நான் 65-ஆல் பெருக்கினேன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஆனால் அதற்குள் என் கட்டைவிரல் முன்பக்கத்தை அழுத்திவிட்டது. 31 வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் செக்ஷனில் நின்ற கை, சும்மா இருக்குமா?

அழுத்தின இடத்தில் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் போகவில்லை. அது வயிற்றுப் பக்கத்துத் தோல், அம்மா. மாட்டுக்கு முதுகுப் பக்கம் நார் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். நடக்கும்போது மடங்குகிற இடம் ஷூவின் முன்பக்கம்தான். அதற்கு முதுகில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோலை லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்குக்கோ கண்ணுக்குத் தெரியாத வேறு இடத்துக்கோ போடலாம். உண்ணி கடித்த தடம், முள் கீறல் எல்லாவற்றையும் ஒதுக்கி, ஒரு தோலில் முடிந்தவரை துண்டு எடுக்க வேண்டும் என்பதில்தான் கட்டரின் சாமர்த்தியம். இதை வெட்டியவன் துண்டுக் கணக்கை மட்டும் பார்த்திருக்கிறான். என் டேபிளில் இது வந்திருந்தால் சூப்பர்வைசர் என் முகத்திலேயே வீசியிருப்பார்.

அதைக் கடைக்காரப் பெண்ணுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னேன். நீ விலைதான் காரணம் என்று நினைத்து, ரயிலில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதே அலமாரியில் இரண்டாவது தட்டில் ஒரு பிரவுன் ஜோடி இருந்தது. நீ பில் போடும் இடத்துக்குப் போனபோது அழுத்திப் பார்த்தேன். நல்ல முதுகுத் தோல், தையலும் நேர். எனக்கு 8-ம் நம்பர். விலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
நைனா