வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் நான்கு மடங்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அதே பிள்ளைகள்தான் பள்ளி விட்டதும் லாரிக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறார்கள்.

அதனால் மைதானத்தில் டேப் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட வைத்தேன். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் (டயர் சாலையைப் பற்றும் அளவு) 0.7 என்று வைத்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் 9 மீட்டரில் நிற்கும். 80 கி.மீ. என்றால்? "பதினெட்டு, டீச்சர்" என்று கத்தினார்கள். 36 மீட்டர்! இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. தடுக்கும் உராய்வு விசையோ மாறுவதில்லை. ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்கப் பிடிக்கும் ஒரு விநாடியில் இன்னும் 22 மீட்டர் போய்விடும். மொத்தம் 58. 40 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 9-உடன் 11 சேர்ந்து 20 மீட்டர். கோடு மைதானத்தைத் தாண்டிப் போனது. பிள்ளைகள் பேச்சே இல்லாமல் நின்றார்கள்.

"லாரி கனமாச்சே?" என்றாள் ஒரு மாணவி. அருமையான கேள்வி. நிறை கூடினால் உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடுவதால் கணக்கில் நிறை அடிபட்டுப் போகும். ஆனாலும் காற்று பிரேக் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும் என்பதால் லாரிக்கு இன்னும் இடம் வேண்டும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம்.

பள்ளி வாசல் சாலைகளில் இந்த 20 மீட்டர், 58 மீட்டர் கோடுகளை நெடுஞ்சாலைத் துறை வரைந்து தர வேண்டும். எல்.எல்.ஆர். தேர்விலும் இந்தக் கணக்கைக் கேட்கலாம்.

இயற்பியல் ஆசிரியை,
திண்டிவனம்